வாப்பா வந்து சேர்ந்த விதம்

காவேரிப்பட்டணம்
2 ஜூலை 2024

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். இன்று காலை கண் விழித்ததும் முதல் காரியமாக முப்ஷிராவை எழுப்பக் கை நீட்டினேன். சுவரில் இடித்துக்கொண்டேன். விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுகிறோமே, பிறகு எதற்கு லெட்டர் என்று கேட்பீர்கள். போன் பிள்ளைகள் கையில் இருக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பற்றி எப்படிப் பேசுவது? கடைசியில் போன் உங்கள் கைக்கு வந்தால், "சுகம்தான்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். பதினைந்து வருடம் சவுதியில் தம்மாமிலிருந்து அதைத்தான் சொன்னீர்கள். இப்போது நம் அடுக்களையில் நின்றுகொண்டும் அதையே சொல்கிறீர்கள். நிக்காஹ் முடிந்த புதிதில் எனக்கு நீளநீளமாக எழுதிய ஆள்தானே நீங்கள்?

நாற்பத்திரண்டு வயதில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை வேலை கிடைக்கும் என்று யார் நினைத்தது. எனக்கு ஊர்ப்பக்கம் மாறுதல் கிடைக்கும்வரை பிள்ளைகள் உங்கள் பொறுப்பு, பிறகு உங்கள் பழைய மேனேஜர் ஏப்ரலுக்குள் புது விசா அனுப்பினால் நீங்கள் போகலாம். அதுதான் நம் பேச்சு. ஃபாயிஸுக்குப் பதினாலு வயது, சமாளித்துக்கொள்வான். முப்ஷிராவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒன்பது வயதுக்குள் அவள் உங்களோடு இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். நான்கு லீவு, எல்லாம் சேர்த்து ஏழு மாதம். அவள் உங்களை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கவனித்தீர்களா? அதை எழுதுங்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பற்றி அடுக்களையில் நான் எழுதி ஒட்டி வைத்த பத்துப் பக்கத்தைப் படியுங்கள். ஆறாம் பக்கம் முக்கியம்.

உங்கள் மெஹ்ருன்னிசா

*

தேங்காப்பட்டணம்
14 ஜூலை 2024

அன்புள்ள மெஹ்ரு,

வ அலைக்கும் ஸலாம். விரலுக்கு ஐஸ் வை. இங்கே மூன்று பேருக்கும் சுகம். ஃபாயிஸுக்கு ஒரு நாள் தும்மல், போய்விட்டது.

உன் பத்துப் பக்கத்தைப் படித்தேன். மெஹ்ரு, தம்மாமில் டைம் கீப்பராக நாற்பது தொழிலாளர் தங்கும் கேம்பை ஒரே ஒரு சார்ட்டில் நடத்தியவன் நான். அதனால் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு டியூட்டி ரோஸ்டர் போட்டிருக்கிறேன். ஐந்தரைக்கு மணி. ஐந்து நாற்பதுக்கு ஃபாயிஸ் குளியலறை, ஐந்து ஐம்பத்தைந்துக்கு முப்ஷிரா. ஆறரைக்கு வாசலில் ரிஜிஸ்டரில் கையெழுத்து. மூன்று லேட்டுக்கு ஒரு வார்னிங். முதல் வாரமே ஃபாயிஸுக்கு இரண்டு வார்னிங் ஆகிவிட்டது. "எனக்கு யூனியன் உண்டு, வாப்பா" என்கிறான்.

முப்ஷிரா ஒரு நாளும் லேட் இல்லை. அழகாகக் கையெழுத்துப் போடுவாள். ஆனால் நீ கேட்டது சரிதான். ஏதாவது வேண்டுமென்றால் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று இருமுவாள். நான் திரும்பிப் பார்த்தால், "சட்னி உப்பு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாது. சட்னியிடம் சொல்வது போலத்தான் இருக்கும்.

நேற்று ஏழு தடவை இருமினாள். சளி ஒன்றும் இல்லை.

யாக்கூப்

*

காவேரிப்பட்டணம்
25 ஜூலை 2024

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும், வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கணக்கு டீச்சர் ஞானசெல்வியும். ரிஜிஸ்டர் கதையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் புரையேறி எழுந்து போய்விட்டார்.

ஆனால் மச்சான், வீடு கேம்பு இல்லை. நேற்று முப்ஷிரா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் என்னிடம் ரகசியமாக, "உம்மா, சனிக்கிழமையும் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டாள். நான் "வேண்டாம், நான் சொல்றேன்" என்றேன். ஆகவே சொல்கிறேன். சனி, ஞாயிறு மணி அடிக்காதீர்கள். அவளுக்குத் தலையைப் பின்னும்போது வகிடு இடது பக்கம் எடுக்க வேண்டும். மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நகம் வெட்ட வேண்டும். எல்லாம் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை ரோஸ்டரில் சேருங்கள்.

மெஹ்ருன்னிசா

*

தேங்காப்பட்டணம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மெஹ்ரு,

ஸலாம். மாத்திரையைச் சேர்த்தாயிற்று. சனி, ஞாயிறு மணி கிடையாது. யூனியனுக்கு வெற்றி.

போன வாரம் எனக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"அனுப்புநர்: யா. முப்ஷிரா, நான்காம் வகுப்பு, மாடி அறை. பெறுநர்: டைம் கீப்பர் அவர்கள், அடுக்களை. ஐயா, நாளை வியாழக்கிழமை எனக்கு வயிற்றுவலி வர இருப்பதால் ஒரு நாள் விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

வர இருக்கிற வயிற்றுவலி. சிரித்துக்கொண்டே "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். பதினைந்து வருடத்தில் இத்தனை ஒழுங்கான விண்ணப்பம் நான் பார்த்ததில்லை. அவளும் நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட கேட்டில் சஜிதா டீச்சர் என்னை நிறுத்தினார். "நேத்து பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு உங்க வீட்டுலயிருந்து யாருமே வரல்லியே. உம்மா கிருஷ்ணகிரியில, வாப்பா சவுதியில, எனக்குத் தெரியும். நீங்களாவது வந்திருக்கலாமே. நீங்க முப்ஷிராவுக்கு மாமாதானே?"

பிள்ளை என் கையைப் பிடித்திருக்கவில்லை, பையைப் பிடித்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பில் அவள் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள் போல. போன மூன்று வகுப்பிலும் அதுதானே உண்மை.

"ஆமா டீச்சர், மாமாதான்" என்றேன். பின்ன என்ன சொல்ல? நாலு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மழை விட்டுவிட்டது. மத்தி நன்றாகக் கிடைக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

யாக்கூப்

*

காவேரிப்பட்டணம்
8 செப்டம்பர் 2024

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். நான் சுகம். பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் அவளைத் திட்ட நினைத்தேன். போனையும் கையில் எடுத்தேன். அப்புறம் டீச்சருக்குப் போன் செய்து நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் செய்யவில்லை. எனக்குத் தோன்றியதை உங்களிடம் சொல்கிறேன்.

அவள் பொய் சொல்லவில்லை, மச்சான். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள். இத்தனை வருடம் அவளுக்கு வாப்பா என்றால் என்ன? அடம்பிடித்தால், "வாப்பாட்ட சொல்லுவேன்." புது உடுப்பு வந்தால், "வாப்பா அனுப்பினது." ஒன்று மிரட்டல், இல்லையென்றால் பார்சல். காய்ச்சல் வந்தபோது, பல் விழுந்தபோது, பயந்தபோது எல்லாம் நானே ஓடினேன். உங்களுக்குப் போனில் சொன்னது எல்லாம் சரியான பிறகுதான். தூரத்தில் இருப்பவருக்கு எதற்குக் கவலை என்று நினைத்தேன். அது உங்கள் மேல் அன்பு என்றுதான் இன்றுவரை நம்பியிருந்தேன். கவலைப்படவே விடாவிட்டால் ஒருவர் எப்படி வாப்பா ஆவார்?

ஆகவே இதில் நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லப் போவதில்லை. அலமாரியில் இருக்கும் பத்துப் பக்கத்தை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

"மாமாதான்" என்று சொன்ன ஆளுக்கு என் ஸலாம்.

மெஹ்ருன்னிசா

*

தேங்காப்பட்டணம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள மெஹ்ரு,

ஸலாம். எல்லோரும் மிகவும் சுகம். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது, முழுசாக நடந்து முடியட்டும் என்றுதான்.

இரண்டு மாதம் நான் மாமாவாகவே இருந்தேன். காலையும் மாலையும் கேட்டுக்குப் போய் நிற்பேன். "முப்ஷிரா, உங்க மாமா வந்தாச்சு" என்று பிள்ளைகள் கத்தும். வரும் வழியில் பேச ஆரம்பித்தாள். சும்மா, யார் யாரைக் கிள்ளினார்கள், யார் ரப்பரைக் கடித்துத் தின்றது, அப்படி. கேம்பில் நாற்பது பேர் சண்டையைக் கேட்டவனுக்கு நாலாம் வகுப்புச் சண்டை புரியும். நியாயம் கேட்பாள், நானும் தீர்ப்புச் சொல்வேன்.

போன வாரம் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"நீங்க என்னத்துக்கு டீச்சர்ட்ட மாமான்னு சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்ல மக்கா? நீ சவுதியில இருக்காருன்னு சொல்லி வச்சிருக்க. நான் வந்து நின்னா நீ பொய் சொன்னது போல ஆயிரும்லா."

பாலம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "சவுதியிலயிருந்து வர எத்தனை மணி நேரம் ஆவும்?" என்றாள்.

"ஃப்ளைட்டுல நாலரை மணி நேரம்."

"அப்ப ஒண்ணு செய்யலாம். திங்கக்கிழமை வந்துருங்க."

மெஹ்ரு, நான் திங்கட்கிழமை சவுதியிலிருந்து வந்தேன். ஏற்பாடு முழுக்க அவளுடையது. பரண் மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கினோம். காலிப் பெட்டி ஆட்டோவில் குலுங்கினால் தெரிந்துவிடும் என்று ஃபாயிஸ் உள்ளே இரண்டு தலையணை வைத்தான். கைப்பிடியில் பழைய விமான டேக்கைத் தேடிப் பிடித்துக் கட்டினான். மார்த்தாண்டத்தில் வெளிநாட்டு மிட்டாய் வாங்கினோம். நான் கோட்டு போட்டேன். அந்த வெயிலில் கோட்டு. "செண்டு அடிங்க, சவுதிக்காரங்க எல்லாரும் அடிப்பாங்க" என்றாள். அடித்தேன். "ஃப்ளைட் லேட்டானா வார்னிங் உண்டா, வாப்பா?" என்று ஃபாயிஸ் வேறு.

அவள் காலையில் முன்னாலேயே அண்ணனோடு போய்விட்டாள். பதினோரு மணி இடைவேளைக்கு நான் ஆட்டோவில் போய் கேட்டில் இறங்கினேன். சஜிதா டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம். பெட்டியைப் பார்த்தார், டேக்கைப் பார்த்தார், பின்னால் ஓடி வருகிற பிள்ளையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்:

"வாங்க, வாங்க. யாத்திரையெல்லாம் சுகமா? உங்க மச்சினன் தெனமும் வருவாரே, அவரை எங்க?"

"அவனை ஊருக்கு அனுப்பியாச்சு டீச்சர். இனி வரமாட்டான்."

"நல்லது. ஆளு நல்ல ஆளுதான், ஆனா நோட்டுல கையெழுத்து மட்டும் போட மாட்டாரு."

முப்ஷிரா என் கோட்டைப் பிடித்து வகுப்புக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது பிள்ளைகள். முன்னால் நிறுத்தினாள். நான் மிட்டாய்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு மடையன் போல நின்றேன்.

"இது எங்க வாப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வாப்பா, எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு குடுங்க" என்றாள்.

நான் மூன்று மூன்று கொடுத்துவிட்டேன். கடைசி வரிசைக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து திட்டு வாங்கினேன்.

யாக்கூப்

*

காவேரிப்பட்டணம்
3 நவம்பர் 2024

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் லெட்டரைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில் படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். உடம்புக்கு என்ன என்று பூக்காரம்மா கேட்டார். ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து வந்துவிட்டார் என்றேன். அவரும் சந்தோஷப்பட்டு ஒரு முழம் பூ சும்மா கொடுத்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்தால் புளித்துப் போகும். நேற்று போனில் முப்ஷிரா, "உம்மா, பிறகு பேசட்டா, வாப்பா கூப்பிடுறாங்க" என்று வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான். பத்து நிமிடம் இருந்தது. அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன்.

அரையாண்டு லீவுக்கு ஒன்பது நாள் வருகிறேன். எனக்கு ஒன்றும் வாங்கி வைக்க வேண்டாம், நல்ல நெத்திலி மட்டும்.

மெஹ்ருன்னிசா

*

தேங்காப்பட்டணம்
12 ஜனவரி 2025

அன்புள்ள மெஹ்ரு,

ஸலாம். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. நீ இருந்த ஒன்பது நாளும் எனக்கு நல்ல ஓய்வு. பிள்ளைகளை எழுப்புவது, தலை பின்னுவது, டிபன் எல்லாம் நீயே பார்த்துக்கொண்டாய். நான் வெளியே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்தேன். இத்தனை பேப்பர் என் ஆயுளில் படித்ததில்லை. இந்தியாவில் என்னென்ன நடக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

மேனேஜர் விசாவை அனுப்பிவிட்டார். ஏப்ரல் இருபதுக்குள் பதில் சொல்ல வேண்டும். உனக்கும் அதற்குள் மாறுதல் கலந்தாய்வு வந்துவிடும் என்றாய். நல்லதாகப் போயிற்று. நீ வந்துவிட்டால் எனக்கு இங்கே என்ன வேலை?

சபீர் தன் டைல்ஸ் கடையில் காலை பத்திலிருந்து மூன்று வரை நிற்கக் கூப்பிடுகிறான். பள்ளிக்கூட நேரத்துக்குச் சரியாக இருக்கும். சும்மா சொன்னேன்.

யாக்கூப்

*

காவேரிப்பட்டணம்
6 பிப்ரவரி 2025

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். சுகம். சுகம் அறிய ஆவல். வேறு ஒன்றும் எழுதப் போவதில்லை, ஒரு கேள்வி மட்டும்.

போக வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கிறதா?

மெஹ்ருன்னிசா

*

தேங்காப்பட்டணம்
21 மார்ச் 2025

அன்புள்ள மெஹ்ரு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. பொதுத்தேர்வு டூட்டியால் பெருநாளுக்கு உன்னால் வர முடியாது என்றதும் பிள்ளைகளுக்கு வருத்தம். உன் பங்கு பிரியாணியை ஃபாயிஸ் பொறுப்பெடுத்திருக்கிறான்.

ஒரு விசேஷம். முப்ஷிரா முதல் நோன்பு பிடித்தாள், முழு நோன்பு. நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "உம்மாட்ட கேக்கட்டா?" என்றேன். "நீங்கதானே இங்க இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள். அதனால் நானே சரி என்றேன். சரியா தப்பா என்று நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி வரைக்கும் ராணி போல நடந்தாள். நாலு மணிக்குத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். "வாப்பா, பேன் காத்துல பலாப்பழ வாசனை வருது" என்றாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இருவரும் பேனைப் பார்த்துக்கொண்டு கேம்பில் இருந்த நாற்பது பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னோம். எனக்கு முப்பத்தொன்றுதான் ஞாபகம் வந்தது. மீதி ஒன்பது பேருக்கு அவளே பெயர் வைத்தாள். ஒருத்தன் பெயர் பலாப்பழம்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் என் வாயில் வைத்தாள். பிறகு நாலு கிண்ணம் நோன்புக் கஞ்சி குடித்தாள். எண்ணினேன், நாலு.

ஃபாயிஸுக்கு மீசை அரும்புகிறது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் ரேசரைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

சபீர் கடைக்கு இந்த மாதம் போய் நிற்கிறேன், பெருநாளுக்குள் தரை போட்டுவிட நினைப்பவர்கள் கூட்டம். மூன்று மணி அடிக்கும்போது ஷட்டருக்கு வெளியே இருப்பேன். "டைம் கீப்பர் கிளம்பியாச்சு" என்று அவன் சிரிப்பான்.

நீ கேட்டதற்குப் பதில் அடுத்த லெட்டரில். தாள் தீர்ந்துவிட்டது.

யாக்கூப்

*

கிருஷ்ணகிரி
17 ஏப்ரல் 2025

அன்பு மச்சானுக்கு,

ஸலாம். நான் சுகம். கலந்தாய்வு நடக்கும் ஹாலில் உட்கார்ந்து, மடியில் சர்டிபிகேட் ஃபைலை வைத்து அதன் மேல் எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தொன்றாம் நம்பர். இப்போது முப்பத்து நாலு போகிறது.

உங்கள் லெட்டரில் தாள் தீரவில்லை. பின்பக்கம் முழுசாகக் காலியாக இருந்தது. அதை ஒரு மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்கள் பதில் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரிந்த பதிலை ஒருவரை வற்புறுத்திச் சொல்ல வைக்கக் கூடாது.

திரையில் காலியிடங்கள் ஓடுகின்றன. நம் மாவட்டத்தில் தமிழுக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், பத்து நிமிடம். இன்னொன்று பேச்சிப்பாறை. இரண்டு பஸ் மாற வேண்டும், காலை ஆறு பத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், திரும்பி வர ஆறரை ஆகும்.

பத்து நிமிடப் பள்ளிக்கூடத்தை எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாளே சீப்பு என் கைக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் டிபன். மூன்றாம் நாள் நீங்கள் வெளியே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பீர்கள். டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. அந்த ஒன்பது நாளும் ஜன்னல் வழியாக உங்கள் முதுகைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே தலையைப் பின்னினேன். சீப்பை உங்களிடம் நீட்ட எனக்குத் தோன்றவில்லை. நான் கெட்டவள் இல்லை, மச்சான். பழகிவிட்டேன். பக்கத்தில் இருந்தால் நான் எடுத்துக்கொள்வேன். நான் எடுத்துக்கொண்டால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுக்கொடுப்பீர்கள். அப்புறம் நமக்கு வேலை இல்லை என்று பெட்டியைக் கட்டுவீர்கள். இந்தத் தடவை உள்ளே தலையணை இருக்காது.

போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், இருபதாம் தேதிக்குள் உங்கள் மேனேஜரிடம். நான் செய்யக் கூடியது ஒன்றுதான். காலை ஆறு பத்திலிருந்து மாலை ஆறரை வரைக்கும் நம் வீட்டில் ஒரு ஆளுக்கு முழு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு என்னால் வர முடியாது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. துணைக்கு வந்திருக்கும் ஞானசெல்வி டீச்சர், "உங்களுக்கென்ன, வீட்டுப் பக்கத்துலயே கெடச்சிருச்சு" என்கிறார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த லெட்டரையும் தபாலில் போடவில்லை. இன்று ராத்திரி ரயிலில் வந்து உங்கள் கையிலேயே தருகிறேன்.

நாற்பது என்று கூப்பிடுகிறார்கள். அடுத்தது நான். பேச்சிப்பாறை என்று சொல்லப் போகிறேன்.

மெஹ்ரு